25 லட்சம் ரூபாய், என்றென்றைக்கும்

கேள்வி: "ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் நாங்கள். ஊரில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களுமாகச் சேர்ந்து 25 லட்சம் ரூபாய் வரை திரட்டியிருக்கிறோம். முதலைத் தொடாமல் பாங்கில் போட்டு, வரும் வட்டியில் ஏழைப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவ ஆசை. முடிந்தால் மருத்துவ முகாம், நூலகம் என்று ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும். டிரஸ்ட்டா, சங்கமா? பணத்தை எங்கே வைப்பது? எங்கள் காலத்துக்குப் பிறகும் நிலைக்க என்ன வழி?"

பதில்:

முதலைப் பாங்கில் போட்டுவிட்டு வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிப்பது பார்க்கப் பத்திரமான ஏற்பாடாகத் தெரியும். உண்மையில் ஒரு நிதியை மெதுவாகக் கரைக்க அதைவிட எளிதான வழி கிடையாது. கையாடல், வழக்கு, வாரிசுச் சண்டை ஆகியவற்றால் அழிந்த அறக்கட்டளைகளைப் பற்றித்தான் ஊரில் பேசுவார்கள். யாரும் திருடாமல், கணக்கு ஒரு ரூபாய் கூடப் பிசகாமல், விலைவாசியால் மட்டுமே செத்துப்போனவை அவற்றைவிட அதிகம்.

பள்ளி ஆண்டு விழாவில் பரிசுப் பட்டியல் வாசிப்பார்களே, அதை நினைத்துப் பாருங்கள். கணக்கில் முதல் மதிப்பெண்ணுக்கு இன்னார் நினைவுப் பரிசு, தமிழுக்கு இன்னார் நினைவுப் பரிசு என்று நீளும். அவற்றில் பழையவை பல, யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாயை வைப்புத்தொகையாகக் கட்டிவிட்டுப் போனவை. 1975-ல் ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு சவரன் தங்கம் வாங்கிவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம். அந்த ஆயிரம் இன்றும் பாங்கில் அப்படியே இருக்கிறது. அதன் வட்டியில் ஒரு பேனா வாங்கலாம். பரிசு வாங்கும் பிள்ளைக்குப் பஸ் சார்ஜ் தனி.

உங்கள் தொகைக்கே கணக்குப் போடுவோம். 25 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 1,75,000 ரூபாய். முழுவதையும் செலவழிக்கிறீர்கள். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டு கழித்து உங்கள் 25 லட்சத்துக்கு இன்றைய மதிப்பில் 9 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்குரிய வாங்கும் சக்திதான் இருக்கும். கல்விச் செலவு பொது விலைவாசியைவிட வேகமாக ஏறினால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே நீங்கள் காக்க வேண்டிய முதல் என்பது 25-க்குப் பின்னால் இருக்கும் சைபர்கள் அல்ல. அதன் வாங்கும் சக்தி. அறக்கட்டளைப் பத்திரத்திலேயே இதை ஒரு நோக்கமாக எழுதிவையுங்கள்.

சோழர் காலத்துக் கொடைகளில் இந்தச் சிக்கல் ஓரளவுக்கு இல்லை. காரணம், அவை பெரும்பாலும் பொருளாகவே இருந்தன. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடுகள் கொடுப்பது தஞ்சைக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து ஈடுகட்டும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டு சொல்வது அதைத்தான். இடையர் தவறினால் யார் பொறுப்பு என்பதற்கு அவருடைய உறவினர்களைப் பிணையாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். நெய்யின் விலை ஏறினாலும் இறங்கினாலும் விளக்குக்குக் கவலையில்லை, ஏனென்றால் கொடுத்ததும் ஆடு, கேட்பதும் நெய்.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் நடந்த கல்லூரிக்கும் இதே ஏற்பாடுதான். 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். அதற்காக விட்ட நிலம் 45 வேலி. ஒவ்வொரு மாணவனுக்கும் நாளுக்கு இத்தனை நாழி நெல் என்று அளவு வைத்திருந்தார்கள். (அங்கே படித்தது வேதமும் வியாகரணமும் மீமாம்சையும், யார் உள்ளே போக முடிந்தது என்பதைச் சொல்லாமல் அந்தக் கல்லூரியைப் புகழ எனக்கு மனம் வராது.) பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை (மருத்துவமனை) மூன்றையும் ஒரே கோயில் வருமானத்தில் நடத்தியதைச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று ஆள்வாரியாகக் கூலி குறிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் கேட்கும் கல்வியும் ஊர் நலனும் ஒரே நிதியில் என்ற யோசனைக்கு 900 ஆண்டுக்கு மேல் வயது. ஆனால் அங்கே பின்னால் இருந்தது நிலம். உங்களிடம் இருப்பது ரூபாய்.

ரூபாயாகவே, அதாவது காசாகவே வைத்த நிதி என்ன ஆகும் என்பதற்கு நோபல் பரிசைவிட நல்ல பாடம் இல்லை. ஆல்ஃபிரட் நோபல் விட்டுச்சென்றது சுமார் 3 கோடியே 10 லட்சம் ஸ்வீடிஷ் குரோனர். பணத்தைப் பத்திரமான கடன் பத்திரங்களில் போட வேண்டும் என்பது உயிலின் வாசகம். அதை அப்படியே பின்பற்றினார்கள். 1901-ல் ஒரு பரிசுக்கு 1,50,782 குரோனர் கிடைத்தது; 1923-ல் 1,14,935. இரண்டு உலகப் போர்களின் விலையேற்றத்தையும் வரியையும் சேர்த்துப் பார்த்தால், உண்மை மதிப்பில் பரிசு சுருங்கிக்கொண்டே போனது. யாரும் பணத்தை எடுக்கவில்லை. 1946-ல் வரிவிலக்கு வந்தது. 1953-ல் பங்குகளிலும் சொத்துகளிலும் முதலீடு செய்ய அரசு அனுமதித்தது. அதன் பிறகும் 1901-ன் உண்மை மதிப்பைப் பரிசுத்தொகை எட்டிப் பிடிக்க 1991 வரை ஆனது. தொண்ணூறு ஆண்டுகள்! பின்பு 2012-ல் நிதி நிலைமை சரியில்லை என்று பரிசை 1 கோடியிலிருந்து 80 லட்சம் குரோனராகக் குறைத்தார்கள்; அதைப் பெரிய அவமானமாக நினைக்கவில்லை. 2023-ல் 1 கோடியே 10 லட்சமாக உயர்த்தினார்கள். செலவைக் குறைக்கும் துணிச்சல் இருந்தால்தான் நிதி பிழைக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துக்கொண்டே வரலாமே என்று தோன்றும். இங்கேதான் வருமான வரிச் சட்டம் குறுக்கே வருகிறது. வரிவிலக்குக்காகப் பதிவு பெற்ற அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நோக்கத்துக்காகச் செலவழித்தாக வேண்டும். 15 சதவீதத்தைத்தான் கேள்வியில்லாமல் ஒதுக்கிவைக்கலாம். அதற்கு மேல் சேமிக்க வேண்டுமென்றால், இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு, உரிய படிவம் கொடுத்து, 5 ஆண்டுக்குள் செலவழித்துவிட வேண்டும்.

உங்கள் 1,75,000-ல் 15 சதவீதம் 26,250 ரூபாய். முதல் தொகையில் அது 1 சதவீதம் சொச்சம். விலைவாசிக்கு ஈடுகட்ட 1,25,000 வேண்டும். ஆண்டுதோறும் அந்த 15 சதவீதத்தைச் சேர்த்தாலும் 20 ஆண்டில் முதல் 30 லட்சத்து 80 ஆயிரம் ஆகும். இன்றைய மதிப்பில் 11 லட்சத்து 60 ஆயிரம். அதாவது, ஃபிக்சட் டெபாசிட்டை மட்டும் நம்பியிருக்கும் அறக்கட்டளை, சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றினாலே தேய்ந்துவிடும். இதைப் பல ஆடிட்டர்கள் சொல்வதில்லை. கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

வழி இருக்கிறது. அறக்கட்டளைப் பணத்தை எங்கே போடலாம் என்று வருமான வரிச் சட்டமே பட்டியல் தருகிறது: அஞ்சலகச் சேமிப்பு, பாங்கு வைப்பு, அரசுக் கடன் பத்திரங்கள், அசையாச் சொத்து போன்றவை. கம்பெனிப் பங்குகளை நேரடியாக வாங்கக் கூடாது. ஆனால் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகள் வாங்கலாம். பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டுகளும் அதில் அடங்கும். யூனிட்டின் மதிப்பு ஏறுவது விற்கும்வரை வருமானம் அல்ல. எனவே 85 சதவீத விதி அதைத் தொடாது. 25 லட்சத்தில் பாதியை வைப்பிலும் பாதியை ஒரு குறியீட்டு ஃபண்டிலோ (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுவது) கலப்பு ஃபண்டிலோ (பங்கும் கடன் பத்திரமும் கலந்தது) வளர்ச்சி வகையில் (லாபத்தைப் பிரித்துத் தராமல் உள்ளேயே சேர்ப்பது) வைத்தால், ஆண்டு வருமானம் 87,500. அதில் கட்டாயச் செலவு 74,375. மறுபாதி சத்தமில்லாமல் விலைவாசியோடு ஓட முயலும்.

முயலும் என்றுதான் சொல்கிறேன். 2008-ல் சென்செக்ஸ் ஆண்டின் தொடக்கத்தில் 21,000 வரை போய், அக்டோபரில் 9,000-க்குக் கீழே இறங்கியது. அன்று நீங்கள் அறங்காவலராக இருந்து, பாதிப் பணம் ஃபண்டில் இருந்தால், ஊர்க்கூட்டத்தில் உங்கள் தலைதான் உருளும். பயந்து விற்றுவிடவும் கூடும். அதனால் மூன்று விஷயங்களை ஆவணத்திலேயே எழுத வேண்டும்: இத்தனை சதவீதம்வரை மியூச்சுவல் ஃபண்டில் போட அதிகாரம் உண்டு என்பது, குறைந்தது இரண்டு ஆண்டு உதவித்தொகைக்கான பணம் எப்போதும் வைப்பில் இருக்க வேண்டும் என்பது, ஆண்டுச் செலவு மூன்று ஆண்டுச் சராசரி மதிப்பில் 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது. சராசரி எடுப்பதால் சந்தை விழுந்த ஆண்டில் உதவித்தொகை திடீரென்று விழாது. உயர்ந்த ஆண்டில் கைவீசிச் செலவழிக்கவும் தோன்றாது. (வைப்பு வட்டி மிக உயர்ந்த ஓர் ஆண்டில் இந்த 4 சதவீதமும் 85 சதவீத விதியும் முட்டிக்கொள்ளலாம். அப்போது சட்டம்தான் ஜெயிக்கும் என்றும் ஒரு வரி சேருங்கள்.)

ஊர் நிதி நிறுவனத்தில் 12 வட்டி தருகிறார்கள், தெரிந்தவர்தான் நடத்துகிறார் என்று யாராவது சொல்வார்கள். சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சீட்டு, தனியார் ஃபைனான்ஸ், அறங்காவலர் ஒருவருடைய கடைக்குக் கைமாற்று எல்லாமே வரிவிலக்கைக் காவு வாங்கும். முதலும் திரும்பி வராமல் போகலாம். பாங்கிலேயே வைத்தாலும், ஒரு பாங்கில் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு என்பதை நினைவில் வைத்து, கூட்டுறவு வங்கியாக இருந்தால் தொகையைப் பிரித்துப் போடுங்கள்.

4 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். ஏமாற்றமாக இருக்கும். 25 லட்சம் திரட்டியவர்களுக்கு 1 லட்சம் அற்பமாகத் தெரியும். ஆனால் என்றென்றைக்கும் என்ற சொல்லுக்கு அதுதான் விலை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் கேட்டபோது, ஒரு பேராசிரியருக்கு இவ்வளவா என்று பலர் வியந்தார்கள். அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. உலகெங்கும் இருந்து சிறு தொகைகள் வந்து 2018-ல் இலக்கு நிறைந்தது. 60 லட்சம் டாலரில் 4 அல்லது 5 சதவீதம் எடுத்தால் ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் முதல் 3 லட்சம் டாலர். ஒரு பேராசிரியரின் சம்பளம், ஆய்வுச் செலவு, நூல்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கணக்கு நேர்மையானதுதான்.

எல்லாப் பணத்தையும் என்றென்றைக்கும் வைத்தாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. 20 லட்சத்தை மூலநிதியாக வைத்து, 5 லட்சத்தை அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் செலவழிக்கும் பொதுநிதியாக வைக்கலாம். என் யோசனை அதுதான். முதல் சில ஆண்டுகளில் நான்கு பிள்ளைகள் படித்து வெளியே வந்தால், அதைப் பார்த்துப் புதுப் பணம் வரும். இதில் ஒரு வரி நுணுக்கம் உண்டு. கொடுப்பவர் 'இது மூலநிதிக்கு' என்று எழுத்தில் தந்தால்தான் அந்த நன்கொடை 85 சதவீதக் கணக்கில் வராது. வாய்மொழி செல்லாது. இப்போதே ஒவ்வொருவரிடமும் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். ரசீதிலும் அதே சொல் இருக்கட்டும். பாங்குக் கணக்கிலும் முதலீட்டிலும் மூலநிதியைத் தனியாகக் காட்டுங்கள்.

இனி நோக்கத்துக்கு வருகிறேன். பணத்தைவிட இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் பதிவு செய்த பிறகு மாற்றுவது கடினம்.

பச்சையப்ப முதலியார் 1754-ல் பிறந்தவர். பெரியபாளையத்து ஏழைக் குடும்பம். தகப்பனை முகம் பார்த்தறியாத பிள்ளை. துபாஷாக, அதாவது வெள்ளையருக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, பெரும் பொருள் சேர்த்து, 1794 மார்ச்சில் உயில் எழுதிவைத்துவிட்டு அதே மாதம் இறந்தார். உயிலில் இருந்தவை கோயில் திருப்பணிகளும் அன்னதானமும் போன்ற தர்மங்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டு வழக்கும் இழுபறியும். குடும்பத்தார் ஒரு பக்கம், நிர்வாகிகள் ஒரு பக்கம். அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் தலையிட்ட பிறகுதான் பணம் ஒரு வழிக்கு வந்தது. தேங்கிக் கிடந்ததால் வட்டி சேர்ந்து, உயிலில் சொன்ன தர்மங்களுக்குப் போக மிச்சம் நின்றது. அந்த மிச்சத்தைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றத் திட்டம் அனுமதித்தது. அப்போது அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் அதற்கு முன்னின்றார். 1842 ஜனவரியில் பள்ளி தொடங்கியது. 1889-ல் கல்லூரியாக வளர்ந்தது. பச்சையப்பன் கல்லூரியை நமக்குத் தந்தது ஓர் உயில் மட்டும் அல்ல. அந்த உயிலின் நோக்கத்தை விரித்துப் பார்க்க ஒரு நீதிமன்றம் ஒத்துக்கொண்டதும்தான். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. அந்த அறக்கட்டளையே இந்தக் காலத்திலும் நிர்வாகத் தகராறுகளால் உயர் நீதிமன்றம் நியமித்த இடைக்கால நிர்வாகிகளின் கையில் இருந்த காலங்கள் உண்டு.

தமிழ்நாட்டில் மகாராஷ்டிரம்போலப் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1882-ம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் டிரஸ்ட்டுகளுக்கானது. பொது அறக்கட்டளையின் நோக்கத்தை மாற்ற, ஆவணத்தில் அதிகாரம் இல்லையென்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ம் பிரிவின்கீழ் நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே நீங்கள் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே நோக்கத்தை அகலமாக எழுதிவிடுங்கள்.

ஏன் அகலமாக? 1950-க்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவர் 'ஏழை மாணவர்களுக்கு மதியச் சாப்பாடு போட' என்று நிலம் எழுதிவைத்திருந்தால் அதைவிட நல்ல தர்மம் கிடையாது. 1956-ல் காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தது. 1982-ல் சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் வந்துவிட்டது. அந்தப் பெரியவரின் நிலம் என்ன செய்யும்? இன்று நீங்கள் 'கல்லூரிக் கட்டணம் கட்ட' என்று எழுதினால் அதே கதை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவமோ பொறியியலோ சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளிப் பெண்கள் உயர்கல்வி படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஒரு லட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு அரசோடு போட்டி போடாதீர்கள்.

அரசுப் பணம் எட்டாத இடுக்குகளில் உங்கள் பணம் போகட்டும். சேர்க்கைக் கடிதம் வந்த வாரத்தில் கையில் பணம் இருக்காது. சலுகையும் உதவித்தொகையும் மாதங்கள் கழித்துத்தான் வரும். கலந்தாய்வுக்குப் போக வண்டிச் செலவு, விடுதி முன்பணம், முதல் மாத மெஸ் பில், ஒரு நல்ல செருப்பு, இரண்டு செட் துணி. 10,000 ரூபாய் இல்லாததால் சேராமல் போகும் பிள்ளை இன்றும் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்து படிப்பை நிறுத்தும் பிள்ளை இன்னொன்று. பத்துப் பேருக்கு 10,000 வீதம் சரியான வாரத்தில் கொடுத்தால், ஒருவருக்கு ஒரு லட்சம் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்பது என் கட்சி. 'மேற்படிப்பில் சேரவும் தொடரவும் தேவையான எந்த உதவியும்' என்று எழுதினால் இவை எல்லாம் அடங்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எது தேவை என்று பரிசீலிக்கும் கடமையையும் சேருங்கள்.

மருத்துவ முகாம் வேண்டாம் என்பேன். ஒருநாள் முகாமில் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த மாதம் யார் பார்ப்பது? ஆரம்ப சுகாதார நிலையம் செய்யும் வேலை அது. ஊர் நலன் என்ற நோக்கத்தை ஆவணத்தில் வையுங்கள். ஆனால் மூலநிதி ஒரு கோடியைத் தொடும்வரை கல்விக்கே செலவு என்று தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவதோ, தேர்வுக் காலத்தில் சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க விளக்கும் ஃபேனும் போடுவதோ சின்னச் செலவு, அது பரவாயில்லை. பள்ளிக் கட்டடம், கழிப்பறை போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாகவே கொடுக்கலாம். அதற்கு உங்கள் நிதியைக் கரைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஊர் என்று சொல்லிவிட்டு ஒரு சாதியின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதினால் வரிவிலக்கு போய்விடும். அறங்காவலர்களின் உறவினர்களுக்குப் பலன் போனாலும் அப்படியே. விலக்கு போவது இருக்கட்டும், அப்படிச் செய்யவே கூடாது.

டிரஸ்ட்டா சங்கமா என்ற கேள்விக்கு என் விடை: இரண்டும். பழைய மாணவர் சங்கம் 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கமாகவே இருக்கட்டும். ஏழு பேர் இருந்தால் பதியலாம். ஆண்டுப் பொதுக்குழு, தேர்தல், மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு எல்லாம் உண்டு. அந்தத் தேர்தல்தான் நிதிக்கு ஆபத்து. ஒரு கோஷ்டி ஜெயித்து வந்து பணத்தின்மேல் கை வைக்கும், அல்லது இரண்டு கோஷ்டியும் பாங்குக்குக் கடிதம் எழுதிக் கணக்கை முடக்கும். எனவே மூலநிதியைத் தனி அறக்கட்டளையாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். ஏழு அறங்காவலர்கள், மூன்று பேரைச் சங்கம் நியமிக்கட்டும், மற்றவர்களில் ஒருவர் கணக்குத் தெரிந்தவர், ஒருவர் கல்லூரி ஆசிரியர், குறைந்தது இரண்டு பெண்கள். தலைமையாசிரியரைப் பதவி வழி அறங்காவலர் ஆக்காதீர்கள். அவருக்கு மாறுதல் வரும், துறை அனுமதியும் கேட்க வேண்டும். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவர் ஆலோசனை போதும்.

ஆயுள்கால அறங்காவலர் என்ற பேச்சே வேண்டாம். 'என் காலத்துக்குப் பின் என் மூத்த மகன்' என்று ஒரு வரி சேர்ந்தால், இரண்டு தலைமுறையில் பொதுச் சொத்து குடும்பச் சொத்தாகப் பேசப்படும். மூன்று ஆண்டுப் பதவி, ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் கிடையாது, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியினர் மட்டும் மாறுவது என்று வையுங்கள். அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது என்பதும், கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு பொது அறக்கட்டளைக்குப் போகும் என்பதும் இருக்க வேண்டும். வருமான வரிப் பதிவின்போது இதைப் பார்ப்பார்கள். 1890-ம் ஆண்டு தர்ம சொத்துச் சட்டப்படி, சொத்தை மட்டும் அரசின் கருவூலப் பொறுப்பாளர் பெயரில் ஒப்படைத்துவிட்டு நிர்வாகத்தை நீங்கள் நடத்தும் ஏற்பாடும் உண்டு. கையாடல் பயம் போகும். முதலீட்டுச் சுதந்திரமும் போகும். மேலே சொன்ன காரணத்தால் உங்களுக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பதிந்த கையோடு பான் எண், வருமான வரியில் தற்காலிகப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் அனுமதி ஆகிய மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் பழைய பிரிவு எண்கள் மாறிவிட்டன. பன்னிரண்டு ஏ, எண்பது ஜி என்று வாய் பழகியதையே எல்லோரும் சொல்வார்கள். படிவம் நிரப்பும்போது புது எண்ணைப் பாருங்கள். பதிவுக்குக் காலாவதி உண்டு. புதுப்பிக்க மறந்தால் அந்த அறக்கட்டளையின் சொத்து மதிப்பு முழுவதற்குமே வரி கேட்கும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. மறக்கும் ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும். அவரைச் செயலாளர் ஆக்காதீர்கள். நன்கொடையாளர்களிடம் ஒன்றை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது.

பெயர் வைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1718-ல் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் ஓர் ஓவியமும் அனுப்பினார். சரக்கு விற்று வந்தது 562 பவுண்டு. அது கட்டடத்தில் செலவானது. பெயர் மட்டும் யேல் பல்கலைக்கழகமாக நின்றுவிட்டது. வரலாற்றிலேயே மலிவாகக் கிடைத்த பெயர் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் அவ்வளவு மலிவாக விற்காதீர்கள். இத்தனை லட்சத்துக்கு மேல் மூலநிதிக்குத் தந்தால் ஓர் உதவித்தொகைக்கு அவர் சொல்லும் பெயர், அதுவும் 25 ஆண்டுக்கு, என்று வரம்பு வையுங்கள்.

கடைசியாக வெளிநாட்டு நண்பர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாங்கு வழியாக வாங்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இங்கேயே பிறந்து உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவராக இருந்தாலும், வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுச் செயல்பாடும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். பணம் முதலில் புதுடில்லி ஸ்டேட் பாங்கு முதன்மைக் கிளையின் கணக்குக்குத்தான் வர முடியும். ஆண்டுக்கு ஒரு லட்சம் செலவழிக்கும் உங்களுக்கு அது எட்டாது. ஆகவே திரட்டிய 25 லட்சத்தில் அப்படிப்பட்டவர்களின் பங்கு எவ்வளவு என்று முதலில் பிரித்து எழுதுங்கள். அது ஏற்கெனவே உங்களில் யாருடைய சொந்தக் கணக்கிலாவது வந்து கிடந்தால், அறக்கட்டளைப் பத்திரம் பதிவதற்கு முன்பே, வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் தெரிந்த ஓர் ஆடிட்டரிடம் அந்தக் கணக்குப் புத்தகத்தைக் காட்டிவிடுங்கள்.